பின்வளவுக் குசினி: அடுப்புக்கு முந்தித் தண்ணீர்

பின்வளவில் மட்டம் பிடித்து முடிந்தது. முளை அடித்து நூல் கட்டி, மேசன் பாஸ் ஒரு தரமும் நான் ஒரு தரமும் தனித்தனியாகப் பார்த்தோம். இரண்டு கணக்கும் ஒத்துவந்துவிட்டன. வெளியே ஒரு குசினியும் அதோடு சேர்ந்து கூரை போட்ட விறாந்தையும் என்ற பெரிய திட்டத்தில் இதுவரை நடந்திருப்பது இவ்வளவுதான். ஆனாலும் மிகுந்த சந்தோசம். கொழும்பில் மழைத்தண்ணீருக்கு வழி காட்டிய பிறகுதான் அடுப்புக்கு இடம் பார்க்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

யோசனை 2022இல் வந்தது. காஸ் கிடைக்காத அந்த மாதங்களில் பின்வளவில் மூன்று கல் வைத்து, இறப்பர் விறகில் சமைத்தோம். காஸ் திரும்பி வந்த பிறகும் அம்மா மீன் பொரிப்பதையும் பெரிய பானைச் சமையலையும் உள்ளே கொண்டுபோக மறுத்துவிட்டார். அப்படியென்றால் ஒழுங்காகவே கட்டிக்கொடுப்போம்.

இனி மட்டத்துக்கு வருவோம். லேசர் மட்டம் வாங்கத்தான் முதலில் நினைத்தேன். பாஸ் ஒரே வார்த்தையில் முடித்தார்: "தம்பி, அந்தக் காசுக்கு நாலு மூட்டை சீமெந்து எடுங்க. வெயிலுக்குள்ள அந்தச் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது." அவர் எடுத்துவந்தது தண்ணீர்க் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதை வைத்து மட்டம் பார்ப்பது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், விரல் பருமன், வளவின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நீளம். இதைப்போல நம்பகமான சாமான் வேறில்லை என்று இப்போது நானும் சொல்வேன்.

ஆனால் அதை நிரப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. பைப்பைத் திறந்து நேரே ஊற்றினால் காற்றுக்குமிழ் நிச்சயம். வாளியை மதிலின் மேல் வைத்து, குழாயின் ஒரு முனையை அடிவரை அமிழ்த்தி, மறுமுனையைக் கீழே பிடித்து வாயால் உறிஞ்சி விடவேண்டும். தண்ணீர் தானாக ஓடத் தொடங்கியதும் குமிழ் எல்லாம் வெளியேறும்வரை விடவேண்டும். துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலந்தால் நீர்மட்டம் பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றால் வேலை தொடங்கலாம். நிற்காவிட்டால் எங்கேயோ குமிழ் ஒளிந்திருக்கிறது, அல்லது குழாய் மடிந்திருக்கிறது. நடக்கும்போது இரண்டு வாயையும் கட்டைவிரலால் மூடவேண்டும், பார்க்கும்போது இரண்டையும் திறக்கவேண்டும். வெயிலில் கிடந்த குழாயின் உட்சுவரில் ஊசிமுனை அளவில் குமிழ்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் காற்று வெளியே வருவதுதான் காரணம். அதனால் நாங்கள் வெயில் ஏறுமுன் காலையில் முடித்தோம்.

உள்குசினிக் கதவடியில் வீட்டுத் தரையிலிருந்து 36 அங்குலம் மேலே சுவரில் ஒரு கோடு. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்தக் கோட்டைக் குழாய் வழியாக ஒவ்வொரு முளைக்கும் கொண்டுபோனோம். பிறகு நடந்ததெல்லாம் அங்கிருந்து கீழ்நோக்கி அளப்பது. வெளித்தரை வீட்டுத் தரையைவிட 4 அங்குலம் தாழ்வு. ஆகவே சுவரடியில் கோட்டிலிருந்து 40 அங்குலம். தரையின் சரிவு 60க்கு 1, அதாவது 60 அங்குல நீளத்துக்கு 1 அங்குல இறக்கம். 12 அடி நீளத்துக்கு அது 2.4 அங்குலம். எனவே மதிலடியில் 42 அங்குலமும் மூன்று நூலும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). பாஸ் 80க்கு 1 போதும் என்றார். வழுவழுப்பான தரைக்கு அது சரி. நான் கேட்பது கால் வழுக்காத சொரசொரப்பான தரை. அதில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். இதில் நான் இறங்கிவரவில்லை.

இன்னொரு விசயத்தையும் பிடிவாதமாகச் சொன்னேன். வெட்டும் குழியின் அடியும் இதே சரிவில் இருக்கவேண்டும். அடி மட்டமாகவும் மேல் மட்டும் சரிவாகவும் போனால், 4 அங்குலக் கொங்கிறீற் மதில் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலமாகிவிடும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

காஸ் சிலிண்டரின் இடமும் இந்தச் சரிவிலிருந்துதான் முடிவானது. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தாழ்ந்து, தண்ணீர் போகும் அதே வழியில் பள்ளத்துக்குப் போய், வடிகாலான கானுக்குள் தேங்கும். ஆகவே 12.5 கிலோ சிலிண்டர் கானிலிருந்து விலகி மேட்டுப் பக்கத்தில். அதற்குக் கட்டும் பெட்டிக்கு அடியிலும் காற்றோட்டத் துவாரம் விடவேண்டும். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தீ மூட்டவில்லை. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

தரை சரிந்தாலும் சமையல் மேடை சரியக்கூடாது. மேடை பக்கமதிலோடு 8 அடி. அந்த நீளத்துக்குள் தரை கிட்டத்தட்ட 1.6 அங்குலம் இறங்கிவிடும். வீட்டுப்பக்கம் 33 அங்குலம் என்றால் மறுகோடியில் 34.6. அம்மா நிற்பது வீட்டுப்பக்கம் என்பதால் அவரின் முழங்கையை அளந்துதான் அந்த 33 வந்தது. விறகடுப்பு தனியாக, இன்னும் தாழ்வாக. பெரிய பானைக்குள் அகப்பை போட்டுக் கிண்டுபவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கானைப் பற்றியும் சொல்லவேண்டும். மழைத்தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் ஒன்றாகப் போகக்கூடாது. கழுவும் தண்ணீர் எண்ணெய்ப் பிடிப்பான் தொட்டி வழியாகக் கழிவுக்குழாய்க்கு. மழைத்தண்ணீர் தனிக் கானால் வெளியே. கான் எங்கேயும் குழிந்திருக்கக்கூடாது. ஒரு கிழமை, பத்து நாள் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்புக்கு அது போதும். கூரைப் பீலியும் அப்படித்தான். இலை விழுந்து அடைத்த பீலி எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் இருந்துவிடும். பீலியே வேண்டாம், கூரைத் தண்ணீர் நேரே கானில் விழட்டும் என்று முடிவு. தெறிப்பதைத் தடுக்கக் கானோரம் ஒரு வரிசை கருங்கல் சல்லி.

கூரை இன்னும் கடதாசியில்தான் இருக்கிறது. நிரந்தரக் கூரைக்கு வரைபட அனுமதி வேண்டும், அது தனி அலைச்சல். எனக்கு ஆசை கலிகட் ஓடு. தங்கொட்டுவ, வைக்கால பக்கம் போனால் நேரே சூளையில் பார்த்து எடுக்கலாம். ஆனால் ஓட்டுக்குச் செங்குத்தான சரிவு வேண்டும். எங்கள் மாடி யன்னலுக்குக் கீழே அவ்வளவு உயரம் கிடையாது. சிங்க் அலுமினியம் சீற் குறைந்த சரிவிலும் நிற்கும். சத்தமும் சூடும்தான் அதன் குறை.

அதைவிடப் பெரிய பிரச்சினை சாரல். நாங்கள் வெள்ளவத்தையில் கடற்பக்கம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றோடு மழை படுத்துக்கொண்டு வரும். ஏழரை அடி உயரக் கூரை விளிம்பிலிருந்து மழை செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் நாலு அடிக்கு மேல் உள்ளே வரும். 45 பாகை என்றால் ஏழரை அடி. விளிம்பை எவ்வளவு நீட்டினாலும் தீராது. மேற்குப் பக்கம் சுருட்டிக் கட்டும் மூங்கில் தட்டி போடுவதுதான் வழி.

உப்புக்காற்றுக்கு இரும்பு நிற்காது. கரியில் வாட்டும் கம்பித்தட்டுக்காக, இரும்புச்சாமான் கடைகள் இருக்கும் பழைய சோனகத் தெருவில் விசாரித்தேன். அங்கே கடைகளில் துருப்பிடிக்காத எஃகு என்று காட்டுவது பெரும்பாலும் 304 என்ற தரம். கடலோரத்தில் அதிலும் பழுப்புக் கறை ஏறும். மொலிப்டினம் சேர்ந்த 316 தான் வேண்டும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. எனவே 316 என்று எழுத்தில் தரும் கடையில் மட்டும்தான் எடுப்பேன். தூணுக்கு மருது மரமா, துத்தநாகம் பூசிய பெட்டிக் கம்பியா என்பது இன்னும் முடிவாகவில்லை. மொரட்டுவைக்குப் போய் மர விலை கேட்டுவிட்டு வந்துதான் சொல்லமுடியும்.

பின்னேர இடிமழை வலுக்குமுன் தரைக் கொங்கிறீற்றைப் போட்டுவிட வேண்டும், மணலும் சல்லியும் சொல்லியாயிற்று. சுற்றிவர மாடிவீடுகள் என்பதால் வாட்டுவதற்குப் புகை குறைந்த சிரட்டைக் கரிதான் எடுக்க நினைக்கிறேன். மூட்டைக் கணக்கில் காய்ந்த கரி தரும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.