இடங்கைப் பக்கத்துச் சுவர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காளிகாம்பாளைப் பார்த்துவிட்டு, கால் போன பழக்கத்தில் சென்னை ஜார்ஜ் டவுனின் லிங்கிச் செட்டித் தெருவுக்குள் திரும்பினேன். நாங்கள் 22 வருடம் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் 14 அடி அகலத்துக்கு வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் அவ்வளவு வெயிலை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் வெட்டவெளியில் நின்றது. எங்கள் தெரு இருக்கும் முத்தியால்பேட்டை வீடுகளில் பாதிக்கு மேல் பொதுச்சுவர்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உங்கள் உத்திரம் இந்தப் பக்கம் செருகியிருக்கும், அடுத்த வீட்டு உத்திரம் அந்தப் பக்கம். ஒன்றை இடித்தால் மற்றது துணியை உருவிய மாதிரி நிற்கும். மாடிப்படி ஏறிப்போன தடம் படிப்படியாகச் சுவரில் தெரிந்தது. கீழே பச்சை டிஸ்டெம்பர், மாடியில் நீலம். உத்திரம் செருகியிருந்த ஓட்டைகள் வரிசையாக. கூடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விளக்கு மாடம். அதன் மேல்விளிம்பில் எண்ணெய்க் கரி.

இங்கேதான் எனக்குக் குழப்பம். நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருந்தவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். பாய் அங்கப்ப நாயக்கன் தெருவில் கைலி வியாபாரம். அவர்கள் வீட்டில் விளக்கு மாடம் ஏது?

அப்பா நகை செய்கிறவர். பத்தர். ரேழியிலேயே பட்டறை: உமி அடுப்பு, ஊதுகுழல், கொறடு, ஒரு தேக்குப்பெட்டி. கீழே விழும் பொடி வீணாகாதபடி மடியில் தோல் விரித்திருப்பார். மாதம் ஒருமுறை பட்டறைக் குப்பையை விலைக்கு வாங்கிப் போக ஒருவர் வருவார். அவர் அதை அரித்துத் தங்கம் எடுப்பார். எங்கள் வீட்டுக் குப்பைக்கு விலை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. செய்த நகையைத் துணியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பா தினமும் பிராட்வேயைத் தாண்டிச் சவுக்கார்பேட்டை சேட்டுக் கடைக்கு நடப்பார். பாட்டிக்கு பிராட்வே தாண்டினால் எல்லாமே 'அந்தப் பக்கம்'. "அந்தப் பக்கம் போயிட்டு வரியே, கை கால் கழுவு" என்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

அப்பா போனபிறகு, பழைய சென்னையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 1707-ல், பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, இந்த ஊரில் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற சாதிகளுக்குள் பெரிய தகராறு. கல்யாண ஊர்வலம் யார் தெருவழியாகப் போகலாம் என்பதில் மூண்டது. கோமுட்டிச் செட்டிகள் வலங்கை. பேரிச் செட்டிகளும் எங்களைப் போன்ற கம்மாளர்களும் இடங்கை. கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரையே பிரித்துக் கொடுத்தார்கள்: பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு. எல்லைக் கல்லும் நட்டார்கள். இரண்டு பேட்டைக்கும் நடுவில் கிடந்த பள்ளத்தை 1780-களில் போஃபம் என்ற வழக்கறிஞர் வாங்கித் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் போஃபம்ஸ் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. பாட்டியின் கை கால் கழுவுகிற கட்டளைக்கு வயது முந்நூறுக்குக் கிட்டே.

ஜார்ஜ் டவுன் என்றாலே பத்திரிகைகளில் 'பல இன மக்கள் ஒற்றுமையாக வாழும் பகுதி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் சிரிப்பு வரும். இந்த ஊரைக் கட்டியதே பிரிப்பதற்காக. கோட்டைக்குள் வெள்ளைக்காரன், வெளியே கறுப்பர் பட்டணம். அந்தக் கறுப்பர் பட்டணமும் முதலில் இங்கே இல்லை. இன்று ஹைகோர்ட்டும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடத்தில், கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1758 டிசம்பரில் மறுபடி முற்றுகையிட்டார்கள். வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கிவிடுகிறான் என்று, கோட்டையிலிருந்து பீரங்கி சுடும் தூரத்துக்கு ஒரு கட்டடமும் கூடாது என முடிவு செய்து எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயில் முற்றுகைக்கு முன்பே, 1757-ல், இடிபட்டுப் போயிருந்தது. பிறகு மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று தேவராஜ முதலி தெருப் பக்கம் பெருமாளுக்கும் சிவனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் புதுக்கோயில் எடுத்தார். எங்கள் காளிகாம்பாளும் கோட்டைப் பக்கம் இருந்து தம்புச் செட்டித் தெருவுக்கு இடம் மாறியவள்தான் என்பார்கள். கோட்டையம்மன் என்ற பழைய பெயர் இன்னும் இருக்கிறது. 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் அபாரப் பெருமை, சிவாஜி ஏதோ எங்கள் பட்டறையில் மோதிரம் செய்ய வந்தவர் போல.

'இதற்கு இந்தப் பக்கம் வீடு கட்டாதே' என்று 1773-ல் நட்ட எல்லைத் தூணில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்து ஓரத்தில் இன்னும் இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்ற மணிநேரங்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வடக்கிலும் மேற்கிலும் ஒரு மதில் எழுப்பினார்கள். கட்டிய செலவுக்கு உள்ளே இருப்பவர்களிடம் வரி வாங்கலாம் என்று திட்டம். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று ஒட்டிக்கொண்டது. மதிலில் மிச்சமிருக்கும் துண்டுக்கு மேல், பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம், ஒரு பூங்கா. மாடிப்பூங்கா என்று பெயர். ஊரைக் காக்கக் கட்டிய மதிலின்மேல் பையன்கள் உட்கார்ந்து மொபைல் பார்க்கிறார்கள்.

தெருப் பெயர்களைப் பார்த்தாலே யார் யார் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது அரண்மனைக்காரன் தெரு. சின்ன வயதில் அங்கே அரண்மனை எங்கே என்று தேடியிருக்கிறேன். ஆர்மீனியன் என்ற சொல் நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆர்மீனியர்கள் 1772-ல் கட்டிய மாதா கோயில் அங்கே இருக்கிறது. வாசல் கதவைத் தாண்டினால் தெருச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை, அஸ்தரார், 1794-ல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான். பூக்கள் செதுக்கிய அழகான கல். அதே தெருவில் கத்தோலிக்கக் கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைப் பார்க்க வரும் கூட்டத்தில் பொட்டு வைத்தவர்கள் ஏராளம். அம்மாவும் போவாள். காளிகாம்பாளுக்கு வெள்ளி, அந்தோணியாருக்குச் செவ்வாய். அவள் கணக்கில் அது இரண்டு டாக்டரிடம் காட்டுவது போல.

அப்புறம் பவளக்காரத் தெரு. மத்தியதரைக்கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போன யூத வணிகர்கள் இருந்த தெரு. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூதர்களும் இருந்தார்கள். பிற்பாடு அதே தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். தாலிச் சரட்டில் கோக்கப் பவளம் வேண்டுமென்றால் அப்பா வாங்கி வருவது சவுக்கார்பேட்டையில்தான். பவளக்காரத் தெருவில் எங்கள் காலத்தில் பவளமே கிடையாது.

சேட்டுகள் இந்த வரிசையில் பின்னால் வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டபின் கையை உதறிக்கொண்டு வந்தவர்கள், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டார்கள். சாயங்காலம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும். முதல்தடவை சாப்பிட்டுவிட்டு வந்து "ஆரஞ்சு கலர்ல இடியாப்பம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். முகப்பு அகலம் 14 அடி, உள்ளே நீளம் 100 அடிக்கு மேல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, மறுபடி ஒரு குட்டி முற்றம். காற்றும் வெளிச்சமும் மேலே இருந்து மட்டும். மாடியில் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாகக் குறுக்குவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டணும். ஏப்ரல் மாதத்திலும் கீழே குளுகுளுவென்றிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் கோமுட்டிச் செட்டியார். பழைய கணக்கில் வலங்கை. இடங்கைக்கு ஒதுக்கிய பேட்டையில் வீடு வாங்கி இடங்கைக்காரனுக்கே வாடகைக்கு விட்டவர். மாதா மாதம் வாடகை வாங்க வருவார், அம்மா கொடுக்கும் காபியைக் குடிப்பார், ஒழுகலைப் பற்றிப் பேசினால் மட்டும் காது கேட்காது.

பொதுச்சுவர் வழியாகச் சத்தம் வரும். அப்பா சாயங்காலம் தகடு தட்டிக்கொண்டிருப்பார். மஃரிப் தொழுகை நேரத்தில் சுவரின் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு. அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தட்டு, ஆரம்பிக்கலாம் என்று. இதை யாரும் பேசி ஏற்பாடு செய்ததாக எனக்குத் தெரியாது. அதேசமயம் இதே சுவருக்காக இரண்டு வீட்டுக்காரர்களும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் யாருக்குச் சொந்தம், யார் மழைக்காரை பூசுவது என்று. தெருவில் மூன்று வாசலுக்கு ஒரு வக்கீல் இருந்தால் வேறென்ன நடக்கும்? வழக்கு முடிவதற்குள் இரண்டு வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

இடிக்கும் இடத்தில் ஒரு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். "இந்தச் சுவத்த என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"சிமெண்ட் பூசிருவோம் சார். இந்தப் பக்கம் கம்ப்ளீட்டா புது பில்டிங். குடோன்."

"சுண்ணாம்புச் சுவருங்க. மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே நிக்கும், காரை பேந்துரும்."

"அது அந்த வீட்டுக்காரங்க பிரச்சினை சார்" என்றார். பழைய வழக்கின் தீர்ப்பு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

மாடத்தைப் படமெடுத்து, பாயின் மகனுக்கு அனுப்பினேன். ஹாங்காங்கில் இருக்கிறான், என் வயதுதான். அடுத்த நிமிடம் அழைத்தான். "டேய், அது எங்க கடிகாரம் இருந்த எடம்! வாப்பா வாங்குறதுக்கு முன்னால அந்த வீட்ல யாரோ பிராமணக் குடும்பம் இருந்தாங்களாம். அந்தக் கரிய உம்மா எத்தனை தடவை வெள்ளையடிச்சாங்க தெரியுமா? வருஷா வருஷம் மேல வந்துரும். அதுக்குத்தான் கடிகாரத்தை வச்சு மறைச்சது."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.

"மாடத்துக்கு இடதுபக்கம் பாரு. வாப்பா சுவத்த தட்ட ஒரு மரக்கட்டை மாட்டி வச்சிருந்தாங்க. வெறும் கையால தட்டினா உங்கப்பாவுக்குக் கேக்காதாம். ஆணி இருக்கா?"

செங்கல் குவியலின்மேல் ஏறி நின்று பார்த்தேன். மேஸ்திரி "பாத்து சார், பாத்து" என்று கையைப் பிடித்தார். இடதுபக்கம், பச்சை டிஸ்டெம்பரில், துருப்பிடித்து வளைந்த ஆணி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, காரை தேய்ந்து செங்கல் தெரிந்தது.