பிள்ளையைப் பார்க்க ஒரு கெடு

மகன் யாரிடம் இருப்பது என்ற வழக்கில், அவனை நான் பார்க்க அனுமதிக்கும் இடைக்கால உத்தரவு வர 11 மாதம் ஆனது. அதுவரை அவனை நான் பார்க்கவே இல்லை. முதல் சனிக்கிழமை, நீதிமன்ற வராந்தாவில் வைத்து, வாங்கிப்போன செருப்பை அவன் காலில் போட்டுவிட்டேன். குதிகால் முழுக்க வெளியே நின்றது. பழைய அளவையே சொல்லி வாங்கியிருந்தேன். "பரவால்லம்மா, இப்படியே போட்டுக்கறேன்" என்றான். அன்று ராத்திரிதான் அரசுக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

9 பக்கம் எழுதினேன். அத்தனையும் என் அழுகை. மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் ஏற்றினேன். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரங்களை அங்கே எடுத்துக்கொள்வதில்லை என்பது விதி. மனுவை முடித்துவைத்துவிட்டார்கள்.

அப்புறம் வக்கீலம்மாதான் மக்களவைக்கு மனு கொடுக்கும் வழியைச் சொன்னார். "உங்க கேஸைப் பத்தி ஒரு வரிகூட வேண்டாம். சட்டத்துல என்ன மாறணுமோ அதைக் கேளுங்க."

சட்டத்தை அவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். 5 வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். என் மகனுக்கு அப்போதே 6 வயது. இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. பிள்ளையின் பராமரிப்புச் செலவு, படிப்பு பற்றிய இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001-இல் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கக் கேட்கும் மனுவுக்கு அந்தக் கெடு இல்லை. பள்ளிக் கட்டணத்துக்கு இருக்கும் அவசரம் பெற்றவள் முகத்துக்கு இல்லையா? 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் இருவரும் சேர்ந்து வளர்க்கும் முறையையே பரிந்துரைத்தது. நான் கேட்டது அவ்வளவு பெரிய மாற்றம்கூட இல்லை. அந்த 60 நாளை இதற்கும் நீட்டுங்கள், அவ்வளவுதான்.

மக்களவைக்கு மனு கொடுக்கத் தமிழில் எழுதலாம். ஆனால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் அதில் நம் கையெழுத்தும் வேண்டும். என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் கோரிக்கையாகத் தெளிவாக எழுத வேண்டும். மனுவை முன்வைக்கும் எம்.பி.யும் அதில் கையெழுத்திட வேண்டும். எழுதுபவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்: கடிதம், பிரமாணப் பத்திரம் என்று எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது.

இது எனக்குத் தெரியாது. மகன் வரைந்து கொடுத்த படத்தை மனுவின் பின்னால் பின் அடித்திருந்தேன். எம்.பி. அலுவலகத்தில் உதவியாளர் அந்தப் பின்னை நகத்தால் மெல்ல நிமிர்த்தி, தாள் கிழியாமல் எடுத்து, "இதை நீங்க பத்திரமா வச்சுக்கங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். மஞ்சள் வீடு, வாசலில் இரண்டு ஜோடி செருப்பு.

எம்.பி. கையெழுத்திட்டுவிட்டார். அவையில் எப்போது வைப்பார் என்று வாரம் ஒரு முறை போன் செய்து கேட்கிறேன்.