கடைசி 40 மீட்டர்

அயர்லாந்தின் கால்வே நகரிலிருந்து கடலோரமாக மேற்கே 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் கரரோ வரும். அது ஆங்கிலப் பெயர். சாலைப் பலகையில் 'அன் ஹியாரூ ரூவா' என்ற ஐரிஷ் பெயர் மட்டும்தான் இருக்கும். ஐரிஷ் இன்னும் வீட்டு மொழியாக இருக்கிற 'கேல்டாக்ட்' பகுதி இது. மனைவிக்கு கால்வேயில் நர்ஸ் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங். நகரத்து வாடகைக்குப் பயந்து 2022-ல் இங்கே குடிவந்தோம். வாடகை குறைந்தது, கூடவே இணையமும்.

பழைய தொலைபேசிக் கம்பி வழியாக 3 எம்பிபிஎஸ் வந்தால் அன்று நல்ல நாள். செப்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் தேய்ந்துவிடும். இங்கே வீடுகள் தெருவாக இல்லை, கருங்கல்லுக்கும் சதுப்புக்கும் நடுவே சாலை நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. மீட்டிங் என்றால் கேமராவை அணைத்துவிடுவேன். முக்கியமான நாட்களில், கேல்டாக்ட் வளர்ச்சிக்கான அரசு அமைப்பு நடத்தும் 'ஜிடெக்' மையம் ஒன்றுக்குக் காரில் போய் மேஜை வாடகைக்கு எடுப்பேன்.

தனியார் நிறுவனங்களின் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைவழி வேக இணையம், ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு கணக்கு போதும். தனியார் போகாத இடங்களுக்காக அரசின் தேசிய பிராட்பேண்ட் திட்டம் எடுத்துக்கொண்ட பகுதி நாட்டின் நிலப்பரப்பில் 96 சதவீதம். அங்கே வசிப்பவர்கள் மக்கள்தொகையில் கால்வாசிகூட இல்லை. அதற்கான ஒப்பந்தம் 2019 நவம்பரில்தான் கையெழுத்தானது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் 'ஏர்கோட்' என்று ஏழு எழுத்து கொண்ட தனிக் குறியீடு உண்டு. அதைத் திட்டத்தின் இணையதளத்தில் போட்டால் நம் வீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். ஞாயிறுதோறும் பரீட்சை முடிவு பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒருவழியாக 2023 இலையுதிர் காலத்தில் 'ஆர்டர் செய்யலாம்' என்று வந்தது.

லைன் போடுகிறவர்கள் நேரடியாக நமக்கு இணைப்பு விற்பதில்லை, அதை வாங்கி விற்கிற நிறுவனங்களில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்பது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பிடித்தேன். அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பம்.

விண்ணப்பத்தில் முகவரியை ஐரிஷில் அடித்தேன். ஐரிஷில் உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு வரும், பெயர் 'ஃபாதா'. நம் நெடில்தான் அது. 'ஃபார்' என்றால் ஆண். கோடு போட்டால் 'ஃபேர்', அதாவது புல். 'கல்', 'கால்' மாதிரி. அந்தக் கோட்டைப் பார்த்ததும் 'தவறான எழுத்து' என்று சிவப்பில் வந்தது. கோட்டை எடுத்துவிட்டு அடித்தால் 'முகவரி பொருந்தவில்லை'. போனில் கேட்டபோது "ஆங்கிலப் பெயரைப் போடுங்களேன்" என்றார்கள். பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரம்மா, "அந்தப் பேரில் இங்கே ஊரே கிடையாதே" என்றார். அரசு அலுவலகங்களின் கணினிகள் ஐரிஷ் பெயர்களைச் சரியாக ஏற்க வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. இணைப்பு விற்கும் கடைக்காரரை அது கட்டுப்படுத்தாது. கடைசியில் யாரோ ஒருவர் ஏர்கோடை மட்டும் அடித்து, முகவரி தானாக நிரம்பும்படி செய்தார். 11 நாள் போயிற்று. நீங்கள் செய்வதென்றால் முகவரியைத் தொடாதீர்கள், ஏர்கோடிலிருந்தே ஆரம்பியுங்கள்.

சாலையிலிருந்து வீட்டுச் சுவர் வரை சுமார் 40 மீட்டர். மண்ணுக்கடியில் பழைய தொலைபேசிக் குழாய் இருந்தது. வந்த இரண்டு பேர் அதற்குள் ராடைச் செலுத்தினார்கள். பாதி வழியில் முட்டி நின்றது. "உங்கள் எல்லைக்குள் இருக்கிற குழாயை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். எங்கே தோண்டுவது? வரைபடம் ஒன்றும் கிடையாது.

வரைபடம் வீட்டுக்காரம்மாவின் தலைக்குள் இருந்தது. கைத்தடியோடு வந்து புல்லில் நடந்தார். வீடு கட்டியபோது குழாயைப் புதைத்தவர் அவருடைய மறைந்த கணவர். நேராக வெட்டினால் பாறை, அதனால் ஒரு வளைவு. "இங்கேதான் திட்டிக்கொண்டே தோண்டினார்" என்று தடியால் குத்திக் காட்டினார். மறுநாள் அவருடைய தங்கை மகன் சின்ன டிக்கர் இயந்திரம் கொண்டுவந்து அங்கேயே தோண்டினார். டிராக்டர் ஏறி நசுங்கியிருந்தது குழாய். அந்தப் பகுதிக்குப் புதுக் குழாய் போட்டு, உள்ளே நைலான் கயிறு ஒன்றைக் கோத்துவைத்தோம். கயிற்றை மறக்காதீர்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தவர்கள் அதில் கேபிளைக் கட்டி இழுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் சுவரில் வெள்ளைப் பெட்டி. 500 எம்பிபிஎஸ். நான் கேமராவைப் போட்டதும், "ஓ, நீங்கள் தாடி வைத்திருக்கிறீர்களா?" என்றார் மேனேஜர்.

பாஸ்டனில் இருக்கும் தன் அக்காவோடு வீடியோவில் ஐரிஷ் பேச வீட்டுக்காரம்மா இப்போது எங்கள் அடுக்களைக்கு வருகிறார். ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். அதே வைஃபையில் அவருடைய பேரப்பிள்ளைகள் யூடியூப் பார்க்கும்போது மட்டும் முகம் சுருங்கும். "என் வீட்டுக்காரர் தோண்டின குழாயில் வருவதெல்லாம் இங்கிலீஷ்" என்பார். ஐரிஷ் குழந்தைகள் சேனலான 'கூலா 4' வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஓடியது.

போன வாரம் தன் வீட்டுக்கும் இணைப்பு வேண்டும் என்றார். வேறொரு நிறுவனம். ஏர்கோடில் முகவரி ஒழுங்காக வந்துவிட்டது. அவர் பெயரில் இரண்டு ஃபாதா. மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. கோட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது வேறு யாரோ" என்றார். விண்ணப்பம் இன்னும் போகவில்லை.