சிக்னல் இல்லாத சரிவிலிருந்து வேலை தேடியது

பி.காம். முடித்துக் கோத்தகிரியிலிருந்து கோவைக் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தபோது எனக்கிருந்த பெரிய கவலை போன் சிக்னல்தான். எங்கள் வீடு தேயிலைத் தோட்டச் சரிவில், பள்ளத்தில் இருக்கிறது. மொட்டை மாடி மூலையில் நின்றால்தான் பேச முடியும். கூப்பிடுகிறவருக்கு இது தெரியாதே! 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் மெயிலின் கடைசியில், பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: வீட்டில் சிக்னல் குறைவு, 11 மணி முதல் 1 மணி வரை கட்டாயம் கிடைப்பேன், மற்ற நேரம் வாட்ஸ்அப்பில் தகவல் போட்டால் நானே அழைக்கிறேன். அந்த நேரத்தில் மாடியை விட்டு இறங்க மாட்டேன். மழை வந்தால் குடை.

மெயில் எழுதப் பக்கத்து வீட்டு அக்கா உதவினார். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் வருகிற விண்ணப்பங்களைத் திறந்து பார்ப்பவர் அவர். "ரெஸ்யூம்னு மட்டும் பேர் வச்சு பத்து ஃபைல் வருது, எது யாருதுன்னு நான் எங்க போய்த் தேடுறது?" என்பார். எனவே ஃபைலுக்கு என் பெயரும் வேலையின் பெயரும்; சப்ஜெக்டிலும் அதே. பிடிஎஃப்பாகத்தான் அனுப்பினேன், வேர்டில் அனுப்பினால் சில போன்களில் வரிகள் கலைந்துவிடும். மெயிலுக்குள் ஐந்தாறு வரி போதும். ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்யும் அவகாசத்தை 30 நொடியாக வைத்துக்கொண்டேன். ஃபைல் இணைத்தோமா என்ற சந்தேகம் அனுப்பிய பிறகுதானே வரும்!

தெரியாத எண் என்றால் எடுக்காத பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வேலை தேடும் காலத்தில் அது ஆகாது. 140 என்று தொடங்கினால் விளம்பர அழைப்பு, விட்டுவிடலாம். 0422 என்றால் கோவை லேண்ட்லைன், எடுத்தே ஆக வேண்டும். சினிமாப் பாட்டுக் காலர் ட்யூனையும் எடுத்துவிட்டேன்.

ஒருநாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வளைவில் இறங்கும்போது அழைப்பு வந்தது. "வணக்கம் சார், மலைப்பாதையில பஸ்ல இருக்கேன், எந்த நிமிஷமும் கட் ஆகும். கீழே இறங்கினதும் நானே கூப்பிடலாமா?" என்றேன். "சரிம்மா, மெதுவா வாங்க" என்றார். சொன்னபடி கூப்பிட்டேன். நேர்முகத்தேர்வு காலை 9 மணிக்கு என்றார். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் மலையிறங்கும் பாதையே அடைபடும் என்று விளக்கி 11 மணி கேட்டேன், ஒத்துக்கொண்டார். கேட்கலாமா என்று தயங்குகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் முன்கூட்டியே கேளுங்கள்.

நேர்முகத்தேர்வு முடிந்த அன்று மாலையே நன்றி சொல்லி இரண்டு வரி மெயில். பிறகு ஒரு வாரம் சும்மா இருந்தேன், அதுதான் கஷ்டம். அப்புறம் ஒரே ஒரு முறை நிலவரம் கேட்டு எழுதினேன். வேலை உறுதியானதும், சேரும் தேதியைக் குறிப்பிட்டுப் பதில் போட்டேன். இன்னும் பதில் வராத மற்ற இடங்களுக்கும், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதினேன். ஓர் இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது: அடுத்த வருஷம் ஆள் எடுக்கும்போது சொல்கிறோம் என்று.