ஜெனீவாவுக்குப் புகார் எழுதும் முன்

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் ஒரு நாடு சேர்ந்திருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டின் மீது ஒரு குழந்தை ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழந்தை உரிமைகள் குழுவிடம் புகார் செய்ய வேண்டுமென்றால், 2014 ஏப்ரல் 14 முதல் நடைமுறையில் உள்ள மூன்றாவது விருப்ப நெறிமுறையையும் (நாடுகள் விரும்பினால் தனியாக ஏற்கும் கூடுதல் ஒப்பந்தம்) அது ஏற்றிருக்க வேண்டும். 1992-இல் உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியா இதை இன்னும் ஏற்கவில்லை. உற்சாகமாக எழுதப்படும் மனுக்கள் பல இந்த முதல் படியிலேயே நின்றுவிடும்.

குழந்தை தானே எழுதலாம், வயது வரம்பு கிடையாது. வேறொருவர் எழுதினால் குழந்தையின் சம்மதம் வேண்டும். சம்மதம் வாங்க முடியாத நிலை என்றால் காரணம் காட்ட வேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது. ஆனால் சம்மதமில்லாமல் குழந்தையின் பெயரை வெளியிட மாட்டார்கள். உள்நாட்டில் கடைசித் தீர்ப்பு வந்த ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அதே விவகாரம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போன்ற இடத்தில் விசாரிக்கப்பட்டிருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது, முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களில் முயன்று பார்த்திருக்க வேண்டும் என்ற படியில்தான். 2019 செப்டம்பரில் கிரெட்டா துன்பெர்க், ஓர் இந்தியச் சிறுமி உட்பட 16 பேர், பருவநிலை மாற்றத்துக்காக அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி மீது புகார் கொடுத்தார்கள். தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகை வேறு நாட்டுக் குழந்தையைப் பாதித்தாலும் அரசு பொறுப்பாகலாம் என்று 2021-இல் குழு ஒப்புக்கொண்டது. பெரிய விஷயம்தான். ஆனாலும் புகார் தள்ளுபடியானது, ஐந்து நாடுகளில் எங்குமே அவர்கள் வழக்குப் போடவில்லை என்பதால். வழக்கு அளவுக்கு மீறி இழுக்கும், அல்லது நிவாரணம் கிடைக்க வாய்ப்பில்லை என்றால் விலக்கு உண்டு. அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், 'ஜெயிக்க மாட்டோம்' என்ற ஐயம் உதவாது.

நாடு கடத்தல் போன்ற அவசரமென்றால் இடைக்கால நடவடிக்கையை, அதாவது முடிவு வரும்வரை அதை நிறுத்திவைக்கும்படி குழு அரசைக் கோருவதை, மனுவிலேயே தனியாகக் கேளுங்கள். ஸ்பெயினில் தனியாக வந்திறங்கிய சிறுவர்களை மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்துப் பெரியவர்கள் என்று முடிவுகட்டிய வழக்குகளில் குழு அப்படித் தலையிட்டது. எலும்பு வளர்ச்சி ஆளுக்கு ஆள் மாறும், பிழை இடைவெளியும் பெரிது. 2018-இல் அப்படி ஒரு வழக்கில் ஸ்பெயின் உடன்படிக்கையை மீறியதாக முடிவு வந்தது. இடைக்காலக் கோரிக்கையை மதிக்காததும் தனி மீறலாகச் சேர்ந்தது.

முடிவு சாதகமாக வந்தாலும் அது நீதிமன்ற ஆணை அல்ல. என்ன செய்தோம் என்று அரசு ஆறு மாதத்துக்குள் குழுவுக்கு எழுத வேண்டும். அந்தக் கெடுவை நாட்குறிப்பில் குறித்துவைத்து, உள்ளூர் வழக்கறிஞரை விட்டு அமைச்சகத்தை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.