மணி ட்ரீயும் எங்க ஊர் போர் தண்ணியும்

ஓசூர் நர்சரிகளில் தண்டைச் சடை மாதிரி பின்னி வைத்திருப்பார்களே, அதுதான் மணி ட்ரீ. கொடியாகப் படரும் மணி பிளான்ட் வேறு, இது வேறு. தாவரப் பெயர் பச்சிரா அக்வாடிகா. நம்ம இலவ மரத்துக்குச் சொந்தம். மத்திய, தென் அமெரிக்கச் சதுப்பு நிலத்து மரம்.

சதுப்பு என்றதும் தினமும் ஊற்றிவிடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் கிருஷ்ணகிரியில் இன்னொரு தொல்லை, போர் தண்ணீர். ஊற்ற ஊற்ற மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும், இலை நுனி கருகும். அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறேன். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் செடிக்குத்தான் முதல் பங்கு (வீட்டில் இதற்குத் தனியாகத் திட்டு உண்டு). சித்திரை வெயில் நேராகப் படவே கூடாது. கிழக்கு ஜன்னல், மெல்லிய திரை, போதும்.

அப்புறம் அந்தச் சடை. அது ஒரே செடி இல்லை, சில இளங்கன்றுகளைச் சேர்த்துப் பின்னியது. அவ்வப்போது ஒவ்வொரு தண்டாக அமுக்கிப் பாருங்கள். ஒன்று மெத்தென்று இருந்தால் அழுகல்தான், அதை மட்டும் உருவி எடுத்துவிடலாம், மற்றவை பிழைத்துக்கொள்ளும். உச்சியில் கட்டியிருக்கும் கயிறு தண்டை இறுக்கினால் அறுத்துவிடுங்கள்.

பணம் வந்ததா என்று கேட்பவர்களுக்கு: இலை வந்திருக்கிறது.