நாலு சக்கரமும் இழுக்கும், நாலு குழியும் விழும்

மச்சான் புது வண்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அந்த மூன்று வாரத்தில் அவன் அதை ஓட்டிய நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசிய நேரம்தான் அதிகம். ஃபோர் வீல் டிரைவ். கியருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு குமிழ். ஒரு திருப்பு திருப்பினால் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும், இன்னொரு திருப்பு திருப்பினால் 'லோ' என்கிற மெதுவான, இழுவை கூடிய கியரில் விழுந்து வண்டி யானை மாதிரி நடக்கும் என்பான். சேறு, மணல், பாறை எது வந்தாலும் அவனிடம் பதில் ஒன்றுதான்: "சும்மா இதைத் திருப்பினாப் போதும் அத்தான்."

சரி, திருப்பித்தான் பார்ப்போமே என்று வண்டி இறங்க அனுமதி உள்ள ஒரு கடற்கரைக்குக் கிளம்பினோம். மச்சான், நான், என் மனைவி, எங்கள் ஆறு வயசு வாலு. நாள் குறித்தது மனைவி. பௌர்ணமிக்குக் கடல் அழகாக இருக்குமாம். அந்த அழகுக்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம்தான் விளங்கியது. புறப்படும்போது மச்சான் நாலு டயருக்கும் 36 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டான், அதுவும் நைட்ரஜன். வரிசையில் காத்து நின்று அடித்த காற்று. இந்தக் காற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் இறங்கியதும் தண்ணீரை ஒட்டிய ஈர மணலில் வண்டி தார் ரோட்டில் போவது போலப் போனது. அலை வந்து வந்து அழுத்திய இடம், கெட்டியாக இருக்கும். அதிலேயே போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை. "இது யாரு வேணா ஓட்டலாம், மேல பாருங்க" என்று மச்சான் ஸ்டியரிங்கை ஒடித்து, அலை தொடாத காய்ந்த மணல் பக்கம் ஏற்றினான். வண்டி கொஞ்சம் முனகியபடி ஏறியது. பாதி மேட்டில், கடல் பின்னால் தெரிய ஒரு போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்ற, பிரேக்கை அழுத்தி மிதித்தான்.

மணலில் பிரேக் போடுவது என்பது நீங்களே உங்கள் சக்கரத்துக்கு முன்னால் ஒரு வரப்பு கட்டிக்கொள்வது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வண்டி தானாக நிற்கும்வரை சும்மா இருக்க வேண்டும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. போட்டோ எடுத்து முடித்து வண்டியைக் கிளப்பினால் உறுமுகிறது, நகரவில்லை. மச்சான் சிரித்தபடி குமிழைத் திருப்பினான். இன்னும் மிதித்தான். நாலு சக்கரமும் சுற்றியது, அதில் அவன் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. சாதாரண வண்டியென்றால் ரெண்டு குழி தோண்டும், இது நாலு தோண்டியது, அதுவும் ஒரே அளவில், அளந்து வைத்தது மாதிரி. ஒரு நிமிஷத்துக்குள் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. அதுக்கப்புறம் சக்கரம் சுற்றுவதும் மின்விசிறி சுற்றுவதும் ஒன்று.

இறங்கிப் பார்த்தோம். கதவைத் திறந்தபோதே அதன் கீழ்விளிம்பு மணலைச் சீவிக்கொண்டு போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்பது எனக்கும் அவள் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

வண்டியில் மண்வெட்டி கிடையாது. கயிறு, பலகை, காற்றடிக்கும் பம்பு எதுவும் கிடையாது. டேஷ்போர்டு துடைக்க மூன்று விதமான துணி இருந்தது. கடைசியில் வாலு விளையாட எடுத்து வந்த மஞ்சள் பிளாஸ்டிக் மண்வெட்டியைக் கெஞ்சி வாங்கிக் குனிந்தோம். மூன்றாவது தோண்டலில் அதன் கழுத்து முறிந்தது. "என் மண்வெட்டி!" என்று ஒரு கத்தல். புதுசு வாங்கித் தருகிறேன் என்று மச்சான் சத்தியம் செய்ய, அவள் மிச்சமிருந்த சிவப்பு வாளியோடு கீழே ஈர மணலில் போய்க் கோட்டை கட்டத் தொடங்கினாள், அம்மா காவலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெறிச்சோடிக் கிடந்த கரையில் இவ்வளவு பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் ரெண்டு பேரைப் பானெட் மேல் ஏறி உட்காரச் சொன்னார். ஏழெட்டுப் பேர் சேர்ந்து பின்னால் நின்று தள்ளினார்கள், மச்சான் மிதித்தான், தள்ளியவர்கள் அத்தனை பேர் வாயிலும் மணல். துப்பிவிட்டு மறுபடி யோசனை சொல்ல வந்துவிட்டார்கள், அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இவர்களில் அதிக நம்பிக்கையோடு இருந்தவர் பச்சைச் சட்டை போட்ட ஒருவர். தன் வண்டியில் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை இருக்கிறது, கயிறும் இருக்கிறது, அதில் மாட்டி ஒரே இழுப்பு, ஓடி வந்து வெடுக்கென்று இழுத்தால் எந்த வண்டியும் வந்துவிடும் என்றார். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. கயிற்றின் ஒரு முனையை நானே பிடித்து நின்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"தம்பி, அந்தக் கயித்தைக் கீழ போடு."

திரும்பிப் பார்த்தால், ஈர மணலில் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் நின்றிருந்தது. கீறல் இல்லாத இடமே இல்லை. இறங்கியவருக்கு அறுபது இருக்கும், நரைத்த மீசை. கத்தவில்லை, ஆனால் நான் போட்டுவிட்டேன்.

அந்த உருண்டை சீராக இழுத்துப் போவதற்காக மட்டும் செய்யப்பட்டது, வெடுக்கென்ற இழுப்பைத் தாங்காது, கழுத்து ஒடிந்தால் கயிற்றோடு சேர்ந்து பீரங்கிக் குண்டு மாதிரி வரும், கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்றிருக்கிறது என்றார். ஒரு கதை சொல்வது போலக்கூடச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். பச்சைச் சட்டைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் கால் நடுங்கியது.

பெரியவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். "எப்ப வந்தீங்க?" என்றார். சொன்னோம். "தண்ணி இறங்கியிருந்தப்ப வந்திருக்கீங்க, இப்ப ஏறுது. இன்னிக்குப் பௌர்ணமி வேற." பெரும்பாலான கரைகளில் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரமும் சொச்சமும் ஆகுமாம். ஆனால் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது, முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், நடுவிலுள்ள ரெண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். பௌர்ணமி, அமாவாசைக்குச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வழக்கத்தைவிட மேலேயும் வரும். எல்லோரும் மெல்ல என் மனைவியைப் பார்த்தோம். அவள் சந்திரன் எந்தப் பக்கம் வரும் என்று தேடுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரியாக அப்போதுதான் கீழேயிருந்து குரல் வந்தது. "அப்பா, என் கோட்டையைக் காணோம்."

வாளி மட்டும் அலையில் உருண்டுகொண்டிருந்தது. கோட்டை இருந்த இடத்துக்கும் வண்டியின் பின் சக்கரத்துக்கும் இருபது அடி இருக்கும். மச்சானின் முகத்தில் ரத்தமே இல்லை.

பெரியவர் அவசரப்படவில்லை. காற்றழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து முன் டயரில் வைத்தார். 36. "நைட்ரஜன் அண்ணே" என்றான் மச்சான், ஏதோ அது உதவிக்கு வரும் என்பது போல. "எந்த ஜன்னா இருந்தாலும் வெளிய விடு" என்று ஒரு குச்சியைக் கையில் கொடுத்தார். வால்வு நடுவிலிருக்கும் ஊசியைக் குச்சியால் அழுத்திக்கொண்டு, நானும் அவனும் ஆளுக்கு ரெண்டு டயராகக் குந்தி உட்கார்ந்தோம். ஸ்ஸ்ஸ் என்று போகிறது. காலையில் வரிசையில் நின்று அடித்தது அத்தனையும் கடல் காற்றோடு போகிறது. என்னைக் கேட்டால் வண்டி புதைந்ததைவிட அவனுக்கு வலித்தது இதுதான்.

36ஐ 16க்குக் கொண்டு வந்தோம். டயர் அடியில் பிதுங்கி, மணலைத் தொடும் தடம் நீளமாகிறது. அகலமாகும் என்று நான் நினைத்தேன், நீளம்தான் அதிகம் கூடுமாம். அத்தனை எடையும் கூடுதல் இடத்தில் பரவுவதால் டயர் மணலை வெட்டாமல் மேலே மிதந்து போகும். அதற்காக ஒரேயடியாக இறக்கவும் கூடாது, டயர் வளையத்திலிருந்து நழுவிவிடும். காற்று குறைந்த டயரில் வேகமும் கூடாது, வெடுக்கென்று திருப்பவும் கூடாது.

அப்புறம் அவருடைய மண்வெட்டி. நிஜ மண்வெட்டி. சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் தோண்டினால் போதாது, வயிற்றுக்கு அடியில் இருப்பதையும் வாரி எடுக்க வேண்டும், வண்டி உட்கார்ந்திருப்பது அதன்மேல்தானே. குப்புறப் படுத்து வாரினேன். ஒரு வாரு வாரினால் பக்கத்திலிருந்து முக்கால் வாரு சரிந்து வந்து உட்காரும். முன்னால் போகும் எண்ணமே வேண்டாம், வந்த தடம் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது, அதிலேயே பின்னால் போனால் ஈர மணல் என்றார். பின் சக்கரங்களுக்கு அடியில் பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் ரெண்டைச் சரிவாகச் செருகினார். அங்கே வேடிக்கை பார்த்தவர்களையெல்லாம் தூரமாகப் போகச் சொன்னார், சக்கரம் சுழன்றால் பலகை பறந்து வந்து முழங்காலைப் பேர்க்குமாம்.

லோவில் போட்டு மெல்ல மிதித்ததும் வண்டி முக்கி முனகிப் பலகை மேல் ஏறியது. மூன்றடி வந்தது. நாங்கள் கைதட்டியதைக் கேட்டு மச்சான் குஷியில் ஒரு மிதி மிதித்தான். மறுபடி புதைந்தது. பெரியவர் கையை இடுப்பில் வைத்து அவனை அரை நிமிஷம் பார்த்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை தோண்டும்போது அலையின் நுரை என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. இனி இழுத்துவிடலாம் என்று அவர் தன் வண்டியிலிருந்து ஒரு பட்டையான வாரை எடுத்தார். ரப்பர் போல நீளும் வகை, இழுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்டு, திரும்பச் சுருங்கும் வேகத்தில் வண்டியைப் பிடுங்கிவிடும். அதனால்தான் மாட்டும் இடம் முக்கியம். வண்டிக்கு அடியில் கண்ணில் படும் வளையத்தையெல்லாம் நம்பக்கூடாது, சில வளையங்கள் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு மட்டும்தான். "மேனுவல்ல போட்டிருக்கும், எடு" என்றார். மேனுவல் கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. மணல் ஒட்டிய கையால் நான்தான் பிரித்தேன், மச்சான் முகத்தைச் சுளித்தான், இந்த நேரத்திலும்.

இடம் கிடைத்தது, சட்டத்தோடு சேர்ந்த கொக்கி. வாரைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளின் திருகை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினார், இல்லையென்றால் இழுத்த பிறகு கழற்றவே வராதாம். வார் அறுந்தாலும் பறக்காமல் இருக்க அதன் நடுவில் கனமான போர்வையைப் போட வேண்டும் என்றார், மனைவி ஆசையாக விரித்து உட்கார எடுத்து வந்த போர்வை போனது. வாரின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், அதுவும் பக்கவாட்டில், எல்லோரும் நிற்க வேண்டும் என்று பச்சைச் சட்டைக்காரரையே மேற்பார்வைக்கு வைத்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு கூட்டத்தை மிரட்டிய மிரட்டலைப் பார்க்க வேண்டுமே.

பெரியவர் தன் வண்டியில் ஏறப் போனவர் நின்று, ஜன்னல் வழியாகக் கேட்டார். "தம்பி, எந்த கியர்ல இருக்கே?"

மச்சான் குனிந்து பார்த்தான். "டி-ல அண்ணே."

"ரிவர்ஸ் போடு. இது வடம் இழுக்கிற போட்டி இல்ல."

ஹார்ன் ஒரு தடவை. வார் மணலிலிருந்து எழுந்து, விறைத்து, ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் யாரோ பின்னாலிருந்து அழைத்தது போல வண்டி சாதாரணமாக வெளியே வந்தது. குழிகளில் தண்ணீர் ஊறி நிறைய நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கெட்டியான மேட்டுக்கு வந்த பிறகு அவருடைய சின்ன கம்ப்ரஸரில் காற்று அடித்தோம். இறக்கப் பத்து நிமிஷம் ஆனது, ஏற்ற முக்கால் மணி நேரம். சந்திரன் அதற்குள் எழும்பிவிட்டது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போகும்போது பெரியவர், நாளைக்கே அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவு, உப்பு சும்மா விடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுவினான். மூன்று முறை கழுவினான். சீட்டுக்கு அடியில், கதவு இடுக்கில், எதற்கென்று தெரியாத பொந்துகளில் எல்லாம் மணல். உதறியதை வாலு தன் சிவப்பு வாளியில் சேர்த்து வைத்து, வாசலில் கொட்டி ஒரு மேடு கட்டினாள். தன் பொம்மைக் காரை அதன் உச்சிக்கு ஏற்றிப் பாதி புதையும்வரை அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து, வாளியும் குழாயுமாக நின்ற மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"சும்மா இதைத் திருப்பினாப் போதும் மாமா. என் மண்வெட்டி எங்க?"